"கண்ட்ரோல் கேட்கலைங்க" என்று போன் வந்தால்: சேலம் பக்கத்து ரயில்வே டெலிகாம் பழுதுகள், அறிகுறி வாரியாக

டெலிகாம் மெயின்டெய்னர் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் உண்டு. பழுது என்று போன் வந்ததும் மெகரையும் (கேபிளின் இன்சுலேஷனை அளக்கும் கருவி) மீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வண்டியைப் பிடிக்க ஓடுவார்கள். நானும் ஓடியவன்தான். ஒருமுறை சூரமங்கலத்திலிருந்து கிளம்பி டேனிஷ்பேட்டையில் போய் இறங்கினேன். அங்கிருந்த பெட்டிகளை எல்லாம் திறந்து பார்த்தும் ஒரு குறையும் அகப்படவில்லை. கடைசியில் பார்த்தால், கிளம்பிய இடத்திலேயே முந்தின நாள் நான் சரியாக அழுத்தாமல் விட்ட ஜம்பர், அதாவது இணைப்புக் கம்பி, கழன்று கிடந்திருக்கிறது. திரும்பிப் போக வண்டி வரும்வரை பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து சேர்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் இரண்டு கேள்வி கேட்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. எத்தனை பேருக்குப் போயிருக்கிறது? அங்கே கடைசியாகக் கை வைத்தது யார்? பாதிப் பழுதை இந்த இரண்டு கேள்வியே காட்டிக்கொடுத்துவிடும்.

சேலம் ஜங்ஷனிலிருந்து மேக்னசைட், கருப்பூர், டேனிஷ்பேட்டை, லோகூர், பொம்மிடி என்று ஜோலார்பேட்டைப் பக்கம் போகும் மெயின் லைனை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மற்ற லைன்களுக்கும் முறை இதுதான்.

முதலில் சர்க்யூட்டைப் பற்றி நான்கு வரி. கண்ட்ரோல் என்பது வண்டிகளின் ஓட்டத்தை நடத்தும் கண்ட்ரோலரும் நிலையங்களும் பேசிக்கொள்ளும் போன் லைன், நான்கு கம்பி. ஒரு ஜோடியில் கண்ட்ரோலர் பேசுவது எல்லா நிலையத்துக்கும் வரும். மற்ற ஜோடியில் நிலையங்கள் பேசுவது அவருக்குப் போகும். ஒரு நிலையத்தைக் கூப்பிட அதற்குரிய இரண்டு இலக்க எண்ணை அவர் அழுத்துவார். தன் எண் வந்தால் மட்டும் அந்த நிலையத்துப் பெட்டி மணியடிக்கும். நிலையத்துக்கு நிலையம் இந்தப் பேச்சு இப்போது பெரும்பாலும் ஓஎஃப்சியில் (ஆப்டிகல் ஃபைபர் கேபிள்) போகிறது, பல சேனல்களை ஒன்றாகச் சேர்க்கும் கருவியான நிலையத்து மக்ஸ் அதைப் பிரித்துக் கொடுக்கிறது. தண்டவாள ஓரத்து எமர்ஜென்சி சாக்கெட்டுக்கு இன்னும் செப்புதான், 6 குவாட் கேபிள் (ஒரு குவாட் என்றால் நான்கு கம்பி). இந்தப் படம் மனதில் இருந்தால் மீதி எல்லாம் கணக்குதான்.

"எங்க ஸ்டேஷன்ல மட்டும்தாங்க போச்சு"

அக்கம்பக்கத்து நிலையங்கள் நன்றாகப் பேசுகின்றன என்றால் கேபிளை மறந்துவிடுங்கள். பழுது அந்த நிலையத்துச் சுவருக்குள்ளேதான் இருக்கிறது. அது எந்த மாதிரி ஊமை என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ட்ரோலர் பேசுவது கேட்கிறது, இவர் பேசுவது அவருக்குப் போகவில்லை என்றால், பத்தில் எட்டு முறை ஹேண்ட்செட்தான். அழுத்திப் பேசும் பட்டன் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் சுருள் ஒயர் உள்ளுக்குள் அறுந்திருக்கும். ஹேண்ட்செட்டை மாற்றிப் பார்த்த பிறகு பெட்டியைத் திறந்தால் போதும்.

எடுத்தால் கேட்கிறது, மணி மட்டும் அடிப்பதில்லை என்றால், எண்ணைப் புரிந்துகொண்டு மணியடிக்கும் டீகோடரைப் பாருங்கள். டீகோடர் கார்டு மாற்றிய மறுநாள் இந்தப் புகார் வந்தால் எண் அமைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வேறொரு நிலையத்திலிருந்து கழற்றி வந்த கார்டு பழைய எண்ணோடு உட்கார்ந்திருக்கும், தன்னைக் கூப்பிட்டால் மணியடிக்காது. பக்கத்து ஊரைக் கூப்பிடும்போது இங்கே மணி அடித்தால் சந்தேகமே வேண்டாம்.

மொத்தமாகச் சத்தமே இல்லையென்றால் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். ஃபியூஸ், பேட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பொடி, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

"அந்த ஸ்டேஷனுக்கு அப்பால் ஒருத்தரும் பேசலை"

வரிசையில் எந்த நிலையம் கடைசியாகப் பேசுகிறதோ, எது முதலில் பேசவில்லையோ, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் வேலை. கண்ட்ரோல் மட்டும் போயிருக்கிறதா, ரயில்வே போனும் சேர்ந்து போயிருக்கிறதா என்று லைன்களைச் சோதிக்கும் டெஸ்ட் ரூமில் கேளுங்கள். எல்லாம் ஒன்றாகப் போயிருந்தால் ஓஎஃப்சி அல்லது மக்ஸின் மின்சாரம். கண்ட்ரோல் மட்டும் என்றால் அந்த சேனலின் கார்டு அல்லது ஜம்பர். ஒரு கார்டுக்காக முழு செக்ஷனும் நடந்தவர்களை எனக்குத் தெரியும்.

"கண்ட்ரோல்ல ஒரே உறுமலா இருக்கு"

எனக்குப் பிடித்த பழுது இது, பொறுமையாகக் காது கொடுத்தால் இடத்தைத் தானே சொல்லிவிடும்.

தலைக்கு மேல் ஓடும் 25,000 வோல்ட் லைன் பக்கத்துக் கேபிளில் மின்னழுத்தத்தைத் தூண்டிக்கொண்டேதான் இருக்கும். ஜோடியின் இரண்டு கம்பியிலும் அது சமமாக ஏறினால் காதுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கம்பி மட்டும் மண்ணுக்குக் கசிந்தாலோ, ஒரு ஜாயிண்ட் மட்டும் தளர்ந்தாலோ சமம் கெட்டுவிடும். அந்த வித்தியாசம்தான் 50 ஹெர்ட்ஸ் உறுமலாகக் கேட்கிறது.

மீட்டரை எடுக்கும் முன் கால் மணி நேரம் போனைக் காதில் வைத்திருங்கள். சரக்கு வண்டி மலைப் பக்கம் ஏற்றத்தில் இழுக்கும்போது உறுமல் ஏறி, வண்டி கடந்ததும் இறங்கினால் கேபிள் பக்கம். வண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவாக இருந்தால் சார்ஜர் பக்கம். சார்ஜரை ஒரு நிமிடம் அணைத்து பேட்டரியில் மட்டும் ஓடவிடுங்கள். உறுமல் நின்றுவிட்டால் சார்ஜரின் வடிகட்டி போய்விட்டது என்று அர்த்தம், கேபிளைத் தொட வேண்டியதே இல்லை.

கேபிள்தான் என்று முடிவானால், டெஸ்ட் ரூமில் சொல்லிவிட்டு ஜோடியை இரண்டு முனையிலும் கழற்றுங்கள். மெகர் போடும் முன் கருவிகளையும் இடிதாங்கி டியூபுகளையும் விலக்கிவிட வேண்டும். அவை மாட்டியிருந்தால் நல்ல கேபிளும் கெட்டதாகக் காட்டும், மெகர் வோல்டேஜில் கருவியும் போகும். ஏ கம்பிக்கும் மண்ணுக்கும் ஓர் அளவு, பி கம்பிக்கும் மண்ணுக்கும் ஓர் அளவு. ஒன்று மெகா ஓமில் நின்று மற்றது கிலோ ஓமுக்கு இறங்கினால் எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது.

இடத்தைக் கண்டுபிடிக்கப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போங்கள். சாக்கெட்டுகள் அதிகபட்சம் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்று இருப்பதால் நமக்கு வசதி. 8 கிலோமீட்டர் என்றால் நடுவில் ஒன்றைத் திறந்து இரண்டு பக்கமும் அளந்து, கெட்ட பக்கத்தின் நடுவில் அடுத்ததைத் திறக்க வேண்டும். மூன்று முறை திறப்பதற்குள் ஒரு கிலோமீட்டருக்குள் வந்துவிடலாம். ஒரு முனையில் தொடங்கி ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போகாதீர்கள். திறக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் நாமே ஒரு புதுப் பழுதை விட்டுவிட்டு வரும் ஆபத்து இருக்கிறது.

இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று ஒட்டிய ஷார்ட் என்றால் இன்னும் சுலபம். 0.9 மில்லிமீட்டர் செப்புக்கு லூப் ரெசிஸ்டன்ஸ், அதாவது போய் வரும் இரண்டு கம்பிக்கும் சேர்த்த தடை, கிலோமீட்டருக்குச் சுமார் 56 ஓம். மீட்டர் 84 காட்டினால் ஒன்றரை கிலோமீட்டரில் போய்த் தேடலாம்.

ஒரு ஜோடியில் மட்டும் இல்லாமல் எல்லா ஜோடியிலும் உறுமல் கூடியிருந்தால் கேபிளுக்குள் தேடாதீர்கள். இந்தக் கேபிளின் அலுமினிய உறைதான் தூண்டலைத் தடுக்கிறது. நிலையத்தில் அதை மண்ணோடு இணைக்கும் எர்த் கம்பி இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். செப்புக்கு விலை இருக்கும்வரை அதற்குக் கால் முளைத்துக்கொண்டேதான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கழற்றிப் போட்ட கம்பிதானே என்று வெறுங்கையால் பிடிக்காதீர்கள். தூண்டல் வோல்டேஜ் சாதாரண நேரத்தில் 60 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பதும், மேலே ஷார்ட் ஆகும் நொடியில் 430 வரை இருக்கலாம் என்பதும்தான் கணக்கு. அந்த நொடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கையுறை, ரப்பர் பாய், பிறகு வேலை. டேனிஷ்பேட்டைக்கும் லோகூருக்கும் நடுவில் காட்டுப் பகுதி. அங்கே தனியாகப் போகவே போகாதீர்கள். வண்டி வருகிறதா என்று பார்க்க ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

"ஓஎஃப்சி கட்"

முதல் வேலை ஜேசிபி எங்கே ஓடுகிறது என்று விசாரிப்பது. உண்மையாகத்தான் சொல்கிறேன். ஓடிடிஆரை (ஃபைபருக்குள் ஒளியை அனுப்பி வெட்டு எத்தனை தூரம் என்று காட்டும் கருவி) பெட்டியிலிருந்து எடுப்பதற்குள் கேட்மேன் ஒருவர் "ஆமாங்க சார், காலையிலிருந்து ஒரு வண்டி பள்ளம் தோண்டிக்கிட்டு நிக்குதுங்க" என்று சொல்லிவிடுவார். ரயில்வே நிலத்தில் தோண்டும் முன் நம் துறையில் சொல்லிக் கேபிள் போகும் வழியை அடையாளம் காட்டச் சொல்ல வேண்டும் என்று முறை இருக்கிறது. முறை இருக்கிறது, அவ்வளவுதான்.

ஓடிடிஆர் காட்டுவது ஃபைபரின் நீளத்தை. நடக்கும் தூரம் அதைவிடக் குறைவு. ஒவ்வொரு ஜாயிண்ட் குழியிலும் உபரிக் கேபிள் சுருட்டி வைத்திருக்கிறோம், பாலத்துக்குப் பாலம் வளையம் விட்டிருக்கிறோம், கேபிளுக்குள் ஃபைபரும் முறுக்கிக்கொண்டு போகிறது. ஸ்டேஷனிலிருந்து 5.610 கிலோமீட்டர் என்று காட்டினால் 5.610-இல் போய் நின்றுகொண்டு மண்ணை முறைத்துப் பிரயோஜனம் இல்லை.

நான் செய்வது இது. பழைய டிரேஸை (ஓடிடிஆர் வரைந்த கோட்டை) எடுத்து, வெட்டுக்கு முன்னால் உள்ள கடைசி ஜாயிண்ட் எத்தனையில் விழுகிறது என்று பார்ப்பேன். அது 4.120 என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழி எங்கே இருக்கிறது என்று தரையில் கல் நட்டிருக்கிறது. 5.610-இல் 4.120 போனால் 1.490. முறுக்குக்கு நூற்றுக்கு ஒன்று கழித்தால் 1.475. குழியில் வெட்டு இருக்கும் பக்கத்துக் கேபிளில் சுருட்டிய 10 மீட்டரையும் கழித்தால் சுமார் 1.465. அந்தக் கல்லிலிருந்து இவ்வளவு நடந்தால் போதும். சில மீட்டர் முன்பின்னாக இடம் வந்துவிடும்.

அடுத்த முனையிலிருந்தும் ஒரு டிரேஸ் எடுக்கச் சொல்லுங்கள். ஃபைபரின் மொத்த நீளம் பதிவேட்டில் 9.240 என்று இருந்து, இங்கே 5.610, அங்கே 3.625 என்றால் கூட்டினால் 9.235. ஒரே இடத்து வெட்டு. கூட்டல் 300 மீட்டர் குறைந்தால் இரண்டு இடத்தில் போயிருக்கிறது. ஒன்றை ஒட்டிவிட்டு, லிங்க் வரவில்லையே என்று இருட்டில் விழிப்பதை இந்தக் கூட்டல் தவிர்க்கும். ஜேசிபியின் பல் கேபிளை வெட்டாமல் பிடித்து இழுத்திருந்தால் இன்னொரு தொல்லை: குழியில் கேபிள் முழுசாகத் தெரியும், கண்ணாடி இழை சில மீட்டர் தள்ளி உள்ளே முறிந்திருக்கும். கறுப்பு உறை சுருங்கி, வெளுத்து, மெலிந்த இடம் விரலுக்குத் தெரியும். கையால் தடவிக்கொண்டே போங்கள்.

டேனிஷ்பேட்டையைத் தாண்டினால் மண்ணுக்குப் பதில் பாறைதான் அதிகம். அங்கே கேபிள் ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் என்று நம்பக் கூடாது. கோடையில் காய்ந்த புல்லுக்கு யாராவது தீ வைத்தால் சிறுபாலத்து ஓரம் வெளியே தெரியும் குழாயோடு கேபிளும் வெந்துவிடும். மார்ச் முதல் மழை வரும்வரை கட் வந்தால் புகை எங்கே என்றும் பார்ப்பேன்.

ஒட்டும்போது காற்றுதான் எதிரி. மலையிலிருந்து இறங்கும் காற்றில் தூசி பறந்து ஸ்ப்ளைசிங் மெஷின் முனையை ஏற்காமல் சண்டித்தனம் செய்யும். வண்டிக்குள் வைத்து ஒட்டுங்கள், இல்லையென்றால் குடையைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு ஒட்டில் 0.05 டெசிபல் வந்தால் சந்தோஷம், 0.1 வரை பரவாயில்லை. அதற்கு மேல் காட்டினால் வெட்டி மறுபடி ஒட்டுங்கள், சோம்பல் வேண்டாம். 1550 நானோமீட்டர் ஒளியில் ஃபைபரே கிலோமீட்டருக்கு 0.25 டெசிபல்தான் தின்னும். 1 டெசிபல் போகும் ஒட்டை விட்டுவிட்டு வந்தால் 4 கிலோமீட்டர் ஃபைபரை வழியில் சும்மா சேர்த்த மாதிரி. உடைந்த துண்டுகளை டேப்பில் ஒட்டி எடுத்துக்கொள்ளுங்கள், செருப்பில் குத்தி வீடுவரை வரும்.

முழுதாகப் போகாமல் சிக்னல் மட்டும் மெலிந்திருந்தால் 1310-இலும் 1550-இலும் ஒவ்வொரு டிரேஸ் எடுங்கள். 1550-இல் மட்டும் படி பெரிதாக விழுந்தால் ஃபைபர் எங்கோ மடங்கி நெருக்கப்படுகிறது. பெரும்பாலும் ஒட்டுகளை அடுக்கும் தட்டின் மூடியில் சிக்கியிருக்கும். கடைசியாக அந்தத் தட்டை மூடியது யார் என்று பதிவேட்டில் பாருங்கள். நான்கூட இருக்கலாம்.

"சாக்கெட்ல போட்டா பேச முடியலை"

நடுவழியில் வண்டி நின்றால் வண்டியின் கார்டு, இப்போதைய பெயரில் டிரெயின் மேனேஜர், மின்கம்பி மாஸ்டில் உள்ள அம்புக்குறி காட்டும் பக்கம் நடந்து, சாக்கெட்டில் போனைச் செருகிப் பேசுவார். புகார் வந்தால் அவர் கையில் இருந்த போனின் செல்லை முதலில் சந்தேகியுங்கள். அடுத்து சாக்கெட்டின் பின்கள். மாதக்கணக்கில் திறக்காத பெட்டிக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும், பல்லி முட்டையிட்டிருக்கும், பின்களில் பச்சை பூத்திருக்கும்.

கேபிள் ஜாயிண்ட் போட்ட பிறகு வரும் புகாரில் ஒரு வேடிக்கை உண்டு. போனைச் செருகினால் நிலையங்கள் பேசுவது தெளிவாகக் கேட்கும், கண்ட்ரோலர் குரல் மட்டும் கேட்காது. எடுத்ததும் ஒரு குரல் கேட்கிறதே என்று நல்லதாகக் குறித்துவிடுவார்கள். போகும் ஜோடியும் வரும் ஜோடியும் ஜாயிண்டில் மாறிவிட்டன என்பதுதான் விஷயம். அதனால் சாக்கெட் சோதனையில் கண்ட்ரோலரே பதில் சொல்ல வேண்டும். வேறு யார் குரல் கேட்டாலும் கணக்கில் சேராது.

"கேட் போன் மணி அடிக்கலைங்க"

இதைத் தள்ளிப்போட முடியாது. கேட்மேனோடு பேச முடியாவிட்டால் ஸ்டேஷன் மாஸ்டர் வண்டிகளுக்குக் காஷன் ஆர்டர் (கவனமாகப் போகச் சொல்லும் உத்தரவு) எழுத வேண்டி வரும், செக்ஷன் முழுக்கத் தாமதம். பேச்சு வருகிறது, மணி இல்லை என்றால் இந்தப் பக்கத்து மேக்னெட்டோ (கைப்பிடி சுற்றி மணிக்கு மின்சாரம் எடுப்பது) அல்லது அந்தப் பக்கத்து மணி. கைப்பிடி சுற்றும்போது கனமாக இருந்தால் லைன் ஷார்ட், வழக்கத்தைவிட இலேசாக ஓடினால் லைன் அறுந்திருக்கிறது. மீட்டர் இல்லாத காலத்துப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த வித்தை இது, இன்றும் பொய்த்ததில்லை.

ஏப்ரல், மே மாதக் கோடை இடிக்கு மறுநாள் காலையில் பேச்சும் மணியும் சேர்ந்து போயிருந்தால் நேராக இடிதாங்கி டியூபைக் கழற்றுங்கள். இடியை வாங்கிக்கொண்டு தானே ஷார்ட்டாகிச் செத்திருக்கும். கழற்றியதும் போன் உயிர் பெறும். அத்தோடு வேலை முடிந்தது என்று வந்துவிடாதீர்கள். புது டியூப் போடாமல் விட்டால் அடுத்த இடிக்குப் போனே போகும்.

"வாக்கி டாக்கியில கேக்குது, நம்ம பேச்சு போகலை"

நிலையத்து 25 வாட் செட்டில் பேசும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேட்டரி முனையில் வோல்டேஜைப் பாருங்கள். 13.5 இருந்தது 10.5-க்கு விழுந்தால் பேட்டரி. அசையாமல் நின்றால் ஆன்டெனாப் பக்கம். வாட் மீட்டரில் 25 வாட் ஆன்டெனாவுக்குப் போய், திரும்பி வருவது 1 வாட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் என்றால் கம்பத்தின் உச்சியில் கனெக்டரைத் திறக்க வேண்டும். டேப் சுற்றாத கனெக்டர் வழியாக மழைத் தண்ணீர் இறங்கிக் கேபிளின் பின்னல் கறுத்திருக்கும். கறுப்பு எதுவரை போயிருக்கிறதோ அதுவரை வெட்டித்தான் ஆக வேண்டும். மலை மறைக்கும் வளைவுகளில் டிரைவர் குரல் விட்டு விட்டு வருவது பழுதில் சேராது, அதற்குச் செட்டைக் கழற்றாதீர்கள்.

"கரெண்ட் போன அஞ்சாவது நிமிஷம் எல்லாம் போயிடுது"

மக்ஸுக்கு 48 வோல்ட், 2 வோல்ட் செல் 24. சார்ஜில் இருக்கும்போது 54 காட்டும், பார்க்க அழகாக இருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, லோடில் ஒவ்வொரு செல்லாக அளந்து பாருங்கள். 23 செல் 2-க்குப் பக்கத்தில் நிற்க, ஒன்று மட்டும் 1.8-க்குக் கீழே சரிந்தால் அதுதான் வில்லன்.

"நீங்க வர்றதுக்குள்ள தானா சரியாயிடுச்சுங்க"

எல்லாவற்றிலும் மோசமான அறிகுறி இது. நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினால் ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி போன் வரும். எந்த நேரத்தில் போனது, எந்த நேரத்தில் வந்தது, அப்போது மழையா, வண்டி கடந்ததா, யார் பணியில் இருந்தார் என்று எழுதி வாங்குங்கள். மூன்று தேதி சேர்ந்தால் ஒரு வரிசை தெரியும்.

ஒரு நிலையத்தில் ராத்திரியில் மட்டும் கண்ட்ரோல் விட்டு விட்டுப் போனது. பகலில் போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. கார்டை மாற்றினோம், ஜம்பரை மாற்றினோம், சார்ஜரை மாற்றினோம். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எல்லாம் ஒரே மாஸ்டரின் ராத்திரி ஷிஃப்ட். அன்றைக்கு ராத்திரி அவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவர் உயரமான மனிதர். பேனலைப் பார்க்க வசதியாக நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி உட்காருவார். ஒவ்வொரு முறையும் நாற்காலியின் சக்கரம் தரையில் கிடந்த போன் ஒயர் மேல் ஏறி நின்றது. ஒயரில் சக்கரத்தின் அகலத்துக்கு ஒரு பள்ளம். அவரை எழுந்திருக்கச் சொல்லி, அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, புது ஒயரைச் சுவரோடு மேலே ஏற்றிக் கட்டினேன். "இதுக்காங்க ஒரு மாசமா?" என்று கேட்டுக்கொண்டே அவர் எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.